மேலே பார்க்காதீர்கள், அக்கா

என்னை வளர்த்து, திட்டி, நாற்பது வயதுக்குப் பிறகும் என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்த என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் முதல் திதி நெருங்குகிறது. ஞாயிறு பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நான்கு வரி எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மருமகள் மாலதி சொன்னாள். நான்கு வரியில் என்ன சொல்வது? ‘கண்ணீருடன் குடும்பத்தார்’ என்று முடித்துவிடலாம். ஆனால் என்னிடம் இருப்பது கண்ணீரை விடக் கோபம்தான். அதனால் பத்திரிகைக்காரர்களிடம் பக்கம் கேட்டு இதை எழுதுகிறேன். பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் யாராவது படித்தால் நல்லது.

ஜொகூர் பாருவில் நில அலுவலகத்தில் காலமெல்லாம் குறிப்பு எழுதிய கை இது. எண் போடாமல் எழுத வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இருமவைக்கும் பயிற்சியை மருத்துவமனை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம்.
2. கமலம் அக்காவின் தேநீரும், அவர் கையும்.
3. உங்கள் மகன் முகுந்தன் உங்களுக்காக ஒருநாளும் கையை நீட்டாதது.
4. கடைசியில் நீங்கள் எனக்காக இருமாதது.
5. நான். இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்வேன்.

இவற்றில் எதையும் உங்கள் முன்னால் நின்று சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்கே தெரியும். “சுத்தி வளைக்காதடா, சொல்ல வந்தத சொல்லு” என்று அதட்டியிருப்பீர்கள். நான் தொண்டையைச் செருமிவிட்டு வேறு ஏதாவது பேசியிருப்பேன்.

முதலாவதுக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்தபோது உங்கள் வலது கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. விழுங்கும் சக்தி போனது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாயில் போடுவது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, தன் எச்சிலே போதும், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வர, என்று வார்டில் சொன்னார்கள். சொன்ன வாரத்திலேயே அந்தக் காய்ச்சல் வந்தது. ஒருமுறை தப்பித்தீர்கள். இன்னொருமுறை வந்தால் தாங்க மாட்டார் என்றார் டாக்டர்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதற்காக உங்கள் மூக்குத்தியைக் கழற்ற வேண்டியிருந்தது. அத்தான் இறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று கழற்றச் சொன்ன மூக்குத்தி. “இது என்ன அவர் வாங்கிக் குடுத்ததா? எங்கப்பா போட்டது” என்று சொல்லி அன்றைக்கு அத்தனை பேர் வாயையும் அடைத்தீர்கள். அதைத் தாதி ஒருத்தி சோப்பு நுரை போட்டுக் கழற்றி, சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கும் சின்னப் புட்டியில் போட்டு, உங்கள் பெயர் ஒட்டி என் கையில் கொடுத்தாள். நீங்கள் இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, புட்டியையும் மூக்கையும் மாறி மாறிக் காட்டினீர்கள். எப்போது திரும்பப் போடலாம் என்று கேட்டீர்கள்.

அதற்குப் பதில் சொன்னது நூருல். சிகிச்சை சொல்லிக்கொடுக்க வந்த பெண். இருமல் பலமாக வந்தால் குழாயை எடுத்துவிட்டு வாயால் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். தப்பான வழியில் இறங்குவதை வெளியே தள்ளுவது இருமல் ஒன்றுதான். உங்கள் இருமலில் பலம் இல்லை. எனவே இன்னொருவர் கை அந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் தத்துவம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் கேண்டீன் வாசலில் ஒரே குரலில் வரிசையில் நிறுத்திய உங்களுக்கு, ஒரு இருமலுக்கு இரவல் கை தேவைப்பட்டது.

படிக்கிறவர்களுக்காகச் செய்முறையையும் எழுதிவிடுகிறேன். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தாடை சற்றுக் கீழே பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும், விடாமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேலும் இன்னொன்று. பிறகு நிறுத்தி, “இருமுங்க” என்று சொல்லும் அதே கணத்தில், விலா எலும்புக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே வைத்த உள்ளங்கைகளை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை. சாப்பாடு கொடுத்தவுடன் செய்யக்கூடாது. யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதைச் சிகிச்சையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு? தள்ளுநாற்காலி வந்து சேரும் வரை. உங்களை வீட்டுக்கு அனுப்பும் நாள் அது. கட்டிலுக்கு வேறொரு நோயாளி காத்திருந்தார். நூருல் இரண்டு முறை செய்து காட்டினாள், மூன்றாம் முறை என் கையை வைக்கச் சொன்னாள். நான் வைத்தேன்.

“பாக்சிக், குவாட் சிக்கிட்” என்றாள். இன்னும் கொஞ்சம் பலமாக, பெரியவரே என்றாள். நான் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நாற்காலி வந்துவிட்டது. அவள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள். எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் ஆங்கிலத்தில் நான்கு வரி. வயிறே இல்லாத ஒரு வெள்ளைக்காரனின் படம். உங்கள் வயிற்றில் கருப்பை எடுத்த தழும்பு இருந்தது. அதன்மேல் எப்படிக் கை வைப்பது என்று அந்தத் தாளில் இல்லை. ஒரு உயிரை வீட்டுக்கு அனுப்பும்போது இவ்வளவுதான் கூட அனுப்புவார்களா?

பாடம் நடந்தபோது முகுந்தன் கட்டிலின் கால்மாட்டில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி நின்றான். இதை மூன்றாவதில் சொல்கிறேன்.

மாசாயில் நாம் எல்லாரும் இருந்த வீட்டுக்கு வந்ததும் நான் முறைப்படுத்தினேன். தாளைத் தமிழில் எழுதி, படம் வரைந்து, அலமாரிக் கதவில் ஒட்டினேன். உங்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு மாலதி தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து முகுந்தன் மோட்டாரில் வந்து சேர்வான். அவன் வந்ததும் நான் பத்திரிகை வாங்க நடந்துபோய், அப்படியே ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவேன். வந்து உங்களுக்குக் காலைப் பயிற்சி. மாலையில் இன்னொரு முறை.

ஒரு விஷயம் கவனித்தேன். காலையில் உங்கள் நெஞ்சு லேசாக இருக்கும், கரகரப்பே இருக்காது. மாலையில் நான் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே சளி கிடந்து கரகரக்கும். காலைக் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டினேன். சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி மாலதியிடம்கூடச் சொன்னேன். நான் திரும்பி வரும்போதெல்லாம் சிவப்புக் கோடு போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று நான்காக மடித்து உங்கள் மடியில் கிடக்கும். எச்சில் துடைக்க மாலதி வைத்துவிட்டுப் போகிறாள் என்று எடுத்து மடித்துக் கொடியில் போடுவேன்.

சில வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். நூருல் ஒரு சிறு கருவியை உங்கள் வாயில் வைத்து இருமச் சொன்னாள். முள் எழும்பியது. “பாகுஸ், பாக்சிக்!” என்று என் தோளைத் தட்டினாள். நல்லது பெரியவரே, இது உங்கள் கை செய்தது என்றாள் என்னிடம். என் வாழ்க்கையில் யாரும் என் தோளைத் தட்டியதில்லை, அக்கா. எனக்குக் காது சிவந்துபோனது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைத் தாண்டி, கதவோரம் நின்ற முகுந்தனைப் பார்த்துக் கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

குழாயை எடுத்தார்கள். கெட்டியாக அரைத்த கஞ்சியைத் தேக்கரண்டியால் கொடுக்கலாம், தண்ணீரையும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கேட்டது கஞ்சியை அல்ல, புட்டியை. தேங்காய் எண்ணெய் தடவிப் போட்டுப் பார்த்தேன். துவாரம் சுருங்கியிருந்தது. பாதி போய் நின்றுவிட்டது. நீங்கள் முகம் சுளித்தீர்கள். நான் கையை எடுத்துவிட்டேன். “நாளக்கி” என்றீர்கள், தெளிவாக.

இரண்டாவது.

அந்த வாரக் கடைசியில் ஆயர் ஈத்தாமிலிருந்து பேருந்து பிடித்துக் கமலம் அக்கா வந்தார். அத்தானின் தங்கை, உங்கள் நாத்தனார். குறை சொல்லாமல் ஒரு வீட்டிலும் உட்காராதவர். மாலதி கடைக்குப் போயிருந்தாள். முகுந்தன் சனிக்கிழமை மிகைநேர வேலை என்று சிங்கப்பூரில் இருந்தான். வீட்டில் நீங்களும் நானும்தான்.

“என்ன மதினி, இப்படி வத்திப் போயிட்டீங்க? சோறு போடறாங்களா இல்லையா?” என்றபடியே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசையில் இருந்த கோப்பையை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் மெதுவாக நகர்ந்தது.

“இது என்னா தம்பி, போஸ்டர் ஒட்டுற பசையா?”

“தண்ணிதான்க்கா. கெட்டியாக்கினது. டாக்டர் சொல்லியிருக்காங்க…”

“பச்சத் தண்ணிகூடக் குடுக்காம வச்சிருக்கீங்களேடா, பாவிங்களா! எதிரிக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க லா.”

கைப்பையிலிருந்து குடுவையை எடுத்தார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். மூடியில் ஊற்றினார். வாசனை வந்ததும் உங்கள் கண் அகலமாகத் திறந்தது. அதையும் நான் பார்த்தேன், மறைக்கவில்லை.

“அக்கா, வேணாமே. புரையேறிடும்” என்றேன்.

“ஒரு வாய்தான். தொண்ட நனையட்டும். நீ எப்பவும் இப்படித்தான் தம்பி, எதுக்கெடுத்தாலும் ஒரு பேப்பர ஒட்டி வச்சுக்கிட்டு.”

ஊற்றிவிட்டார். முதல் வாய் இறங்கியது. இரண்டாவதில் நீங்கள் இருமினீர்கள். சின்ன, ஈரமான இருமல். நான் எழுந்து ஓடி வந்து கையை நீட்டினேன். அதற்குள் கமலம் அக்காவின் உள்ளங்கை உங்கள் உச்சந்தலையில் இருந்தது.

“மேல பாருங்க, மேல பாருங்க! ஒண்ணுமில்ல, யாரோ நெனைக்கிறாங்க. ஓங்க மவனாத்தான் இருக்கும், அங்க சிங்கப்பூர்ல ஒக்காந்துக்கிட்டு.” தட்டித் தட்டி, இன்னொரு கையால் உங்கள் தாடையைப் பிடித்து மேலே தூக்கினார். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். இருமல் நின்றது.

“பாத்தியா, நின்னுருச்சு” என்றார் என்னிடம், வென்றவர் போல.

நம் வீடுகளில் புரையேறினால் எல்லாரும் இதைத்தானே செய்கிறோம்? எனக்கு நீங்கள் செய்திருக்கிறீர்கள், முகுந்தனுக்குச் செய்திருக்கிறீர்கள். தலையில் தட்டு, மேலே பார்க்கச் சொல், ஒரு மடக்குத் தண்ணீர் கொடு, இருமலை நிறுத்து. கழுத்தை மேலே தூக்கினால் மூச்சுக்குழாயின் வாசல் இன்னும் விரியத் திறக்கும், தேநீர் நேராக இறங்கும் என்று யார் நினைத்தார்கள்? நூருல் தாடையைக் கீழே வைக்கச் சொன்னதன் காரணம் அதுதான். இருமல் நின்றது நலம் அல்ல. அந்த நோயில் அதுதான் ஆபத்து. தள்ள வேண்டியதைத் தள்ளாமல் தொண்டை அடங்கிப்போனது.

நான் அங்கேயே நின்றேன், இரண்டு கையையும் உங்கள் வயிற்றுக்கு நேராக நீட்டியபடி. “கைய எடு, பொம்பள ஒடம்புல என்னா?” என்றார் கமலம் அக்கா. எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. நீங்கள் போன அன்று அவர் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்: “கடைசியா என் கையாலதான் டீ குடிச்சாங்க மதினி. எவ்வளவு ஆசையா குடிச்சாங்க தெரியுமா!” எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாவது.

முகுந்தனைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. அவன் சம்பளத்தில்தான் இந்த வீடு நடக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். பாடம் நடந்த அன்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் மாலைப் பயிற்சிக்கு நான் உங்களை நிமிர்த்தி உட்கார வைக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான். வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கும். ஆனாலும் சன்னலுக்குக் கீழே மோட்டாரைக் கிளப்பி, முறுக்கி, முறுக்கி, புகையைக் கிளப்பிக்கொண்டிருப்பான். அந்தச் சத்தத்தில் நான் “மூச்சு இழுங்க” என்று சொல்வது எனக்கே கேட்காது. பெற்றவளின் சளியைக் கண்டு அருவருப்பவன் என்றுதான் நினைத்தேன். நீங்கள் அவனுக்கு மூக்கைச் சிந்திவிட்ட முந்தானையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், “நான் அழுத்துறேன் மாமா, நீங்க உக்காருங்க” என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் மனசுக்குள் குறித்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

நான்காவது. இது உங்களைப் பற்றியது, அக்கா.

மறுபடி அதே வார்டு. இருமல் வரவைக்கும் இயந்திரம் ஒன்று இருந்ததாம்; அது அந்த நேரம் வேறொருவருக்குப் போயிருந்தது. வரும்வரை கையாலேயே செய்யுங்கள் என்றார்கள். உள்ளே போக ஒருவருக்குத்தான் அட்டை. அந்த அட்டையை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சிகிச்சை செய்பவன் நான் அல்லவா? முகுந்தன் வேலை முடித்து நேரே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். அவனுக்குச் சிறிது நேரம் அட்டையைக் கொடுப்பேன். பிறகு நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உங்களைச் சாய்த்து உட்கார வைத்து, கையை வைத்து, “இருமுங்க அக்கா” என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மறுபடி சொன்னேன். கதவையே பார்த்தீர்கள். “எனக்காக ஒரு தடவ” என்றேன். அதுவரை நான் உங்களிடம் எதையும் எனக்காக என்று கேட்டதில்லை. நீங்கள் என் கையை உங்கள் இடது கையால் மெல்ல எடுத்துக் கட்டிலில் வைத்தீர்கள். கண் மட்டும் கதவில் இருந்தது. போகத்தான் பார்க்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். நாங்கள் இவ்வளவு பாடுபட்டும் நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஐந்தாவது.

இதுவரை எழுதியது போன வாரம். ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது மழையில் நனைந்த சளி எனக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. வயதான நெஞ்சு, இருமினால் வரவில்லை. விடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, இருமி இருமிச் சோர்ந்துபோனேன். முகுந்தன் வேலை முடிந்து வந்தான். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியவன் என்னைப் பார்த்தான். கொடியிலிருந்து சிவப்புக் கோடு போட்ட துண்டை எடுத்தான். நான்காக மடித்தான். என் முன்னால் மண்டியிட்டு, துண்டை என் வயிற்றில் வைத்து, அதன்மேல் கையை வைத்தான்.

“கீழ பாருங்க மாமா. மூச்சு இழுங்க. விடாதீங்க. மேல இன்னொண்ணு. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. மொத இருமல் வேணாம், சும்மா விடுங்க… ரெண்டாவது. இப்ப!”

அழுத்தினான். என் முதுகு நாற்காலியில் இடித்தது.

“வலிக்குதுடா!”

“வலிக்கும் மாமா. தடவிக் குடுத்தா வராது. இன்னொரு வாட்டி.”

வந்தது. துப்பினேன். அவன் அதைத் துண்டின் ஓரத்தில் துடைத்தான், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை சரியான இடத்தில் இருந்தது. துண்டு வைப்பதோ, முதல் இருமலை விட்டுவிடுவதோ தாளில் இல்லை. பல முறை செய்த கைக்குத்தான் அது தெரியும்.

“எங்கடா கத்துக்கிட்ட?”

“நீங்க கத்துக்கிட்ட எடத்துலதான். போன்ல வீடியோ புடிச்சு வச்சிருந்தேன்ல, அந்த மிஸ்ஸி சொல்லிக் குடுத்தத. பிரேக் நேரத்துல போட்டுப் போட்டுப் பாப்பேன்.”

“யாருக்குச் செஞ்ச?”

அவன் துண்டைப் பார்த்தான். “அம்மாவுக்குத்தான். நீங்க பேப்பர் வாங்கப் போவீங்கள்ல. அப்ப.”

“எப்பவாவதா?”

“தெனமும் மாமா.”

பிறகு கேட்டேன்: “சாயங்காலம் மோட்டார முறுக்கிக்கிட்டு நிப்பியே?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உள்ள நின்னா ஒங்க கையத் தள்ளிவிட்டுட்டு நானே அழுத்திருவேன் மாமா. நீங்க செய்யறது ரொட்டி சானாய்க்கு எண்ணெ தடவற மாதிரி இருக்கும். அம்மா அங்கிருந்து கண்ணாலயே என்னைய ‘போ போ’ன்னு வெரட்டுவாங்க.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மா விடல. ‘பாவம்டா, விடு’ன்னாங்க.”

பாவம். உங்களுக்கு அப்போது வாயில் வந்த சொற்களே சில. அதில் ஒன்றை எனக்காகச் செலவழித்திருக்கிறீர்கள். நான் இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா, அக்கா? எனக்குச் சுடுகிறது. நூருல் என் தோளைத் தட்டியபோது நீங்கள் அவனைப் பார்த்துச் சிரித்ததன் பொருள் இப்போது தெரிகிறது. காலைக் காற்றென்று நான் கண்டுபிடித்ததன் பொருளும். இந்தக் கையால் எதுவும் ஆகவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தால் மாலையிலும் அவன் கையே இருந்திருக்கும். வார்டில் அட்டையை அவன் கழுத்தில் மாட்டியிருப்பேன். ஏன் சொல்லவில்லை? தம்பி தாங்க மாட்டான் என்று நீங்களாக முடிவு செய்தீர்கள். எழுபது வயதுக் கிழவன், இன்னுமா தாங்க மாட்டான்? கதவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அப்போதாவது “முகு” என்று ஒரு சொல் வாயில் வரவில்லையா? வந்து, நான்தான் காதில் வாங்கவில்லையா? நான்காவதை இனி நான் தொடப்போவதில்லை. அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

நேற்று இந்தக் கடிதத்தை முகுந்தனிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தான்.

“மூணாவது நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மாமா” என்றான்.

“அடிச்சுடறேன்டா. புதுசா எழுதறேன்.”

“வேணாம், இருக்கட்டும். வெளிய நின்னது நெசந்தானே?” தாளை மடித்து என் பக்கம் தள்ளினான். “ஆனா கமலம் அத்தை பத்திரிக படிப்பாங்க. அதுக்குத் தைரியம் இருக்கா?”

இருக்கிறதா என்று தெரியவில்லை. இருப்பதாக வைத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். திதிக்கு அவர் வருவார். சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளைக்குப் புரையேறும்; எப்போதும் ஏறும். அவர் கை அந்த உச்சந்தலைக்குப் போகும். அப்போது நான் என் இலையிலிருந்து எழுந்து, பந்தி முழுவதும் கேட்கும்படி, “தட்டாதீங்க, மேல பாக்கச் சொல்லாதீங்க, குனிஞ்சு இருமட்டும்” என்று சொல்வேன். உங்கள் கேண்டீன் குரல் எனக்கு வராது. வருகிற குரலில் சொல்வேன். பந்தி முடிந்ததும், உங்கள் பெயர் ஒட்டிய அந்தப் புட்டியை, மூக்குத்தியோடு, முகுந்தன் கையில் கொடுப்பேன். இத்தனை நாள் அது என் அலமாரியில் இருந்தது. அவன் கேட்டதில்லை.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. குறிப்பில் எழுதியதை அடிக்கக்கூடாது. தவறென்று கண்டால் கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்படியே செய்கிறேன்.

திருத்தம்: மூன்றாவது தவறு. உங்கள் மகன் கையை நீட்டினான். கண்ணை மூடும்வரை உங்களுக்கு வந்த நல்ல இருமல் ஒவ்வொன்றும் அவன் கையால் வந்தது.

இப்படிக்கு,
நீங்கள் பாவம் என்று விட்டுவைத்த
உங்கள் தம்பி